முதலில் பழைய திட்டத்தின் கணக்கு, அப்புறம் புதிய கருத்து

அடுத்த 20, 30 ஆண்டுகளில் தான் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நகரம் திட்டம் எழுதி வைத்துக்கொள்கிறது. எந்த நிலத்தில் வீடு, எந்த நிலத்தில் தொழிற்சாலை என்று வண்ணம் தீட்டிக் காட்டும் நிலப்பயன்பாட்டு வரைபடம் வேறு, இது வேறு. காற்று, குடிநீர், நடைபாதை, பூங்கா, வேலை, வாடகை, முதியோர் பராமரிப்பு, இரவில் பயமில்லாமல் தெருவில் நடப்பது என அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கிற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆவணம் இது. வாழ்க்கைத் தரத் திட்டம், தொலைநோக்குத் திட்டம், நல்வாழ்வுத் திட்டம் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். இதை வெளியிடும்போது விழா எடுக்காத நகரம் குறைவு. சில ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

முதல் முறை கேட்கும்போது மக்களிடம் ஆசைகள் மட்டுமே இருக்கும். இரண்டாம் முறை ஞாபகமும் சேர்ந்துகொள்ளும். “போன தடவை சொன்னோமே, அது என்ன ஆச்சு?” என்று கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் மறுபடியும் வண்ணச் சீட்டுகளைக் கொடுத்து ‘உங்கள் கனவு நகரம் எது?’ என்று எழுதச் சொன்னால், எழுதுகிறவர்களுக்கே அதில் நம்பிக்கை இருக்காது. அதனால் பழைய திட்டத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று கணக்கு ஒப்பிப்பதுதான் புதுப்பித்தலின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். பல நகரங்கள் தாண்டிக் குதிப்பதும் இந்தப் படியைத்தான்.

புதுப்பிப்பது எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்பதைச் சில நாடுகளில் சட்டமே சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தின் 2002ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு நகர மன்றமும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கான நீண்டகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுத வேண்டும். வேல்ஸ் நாட்டில் 2015ல் வந்த எதிர்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுச் சட்டம், உள்ளூர்ப் பொதுச் சேவை வாரியங்களை நல்வாழ்வு நிலவரத்தை மதிப்பிட்டுத் திட்டம் போடச் சொல்கிறது. அங்கே சுழற்சி 5 ஆண்டு. காலக்கெடு சட்டத்தில் இருப்பதால் ஒரு நன்மை உண்டு: புதிதாக வந்த மேயருக்குப் பழைய மேயரின் திட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக அது அலமாரிக்குப் போய்விடாது. திருத்தலாம், ஆனால் எல்லோர் கண்முன்னும்தான் திருத்த வேண்டும்.

ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவர்கள்

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஊர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் சட்டனூகா. வார்ப்பாலைகள் நிறைந்த தொழில் நகரம் அது. நாட்டிலேயே மிக மோசமான காற்று இங்கேதான் என்று 1969ல் பெயர் வாங்கியது. பிறகு ஆலைகள் மூடப்பட்டன, வேலைகள் போயின, நகர மையம் காலியானது. 1984ல் ‘சட்டனூகா வென்ச்சர்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு ‘விஷன் 2000’ என்ற பெயரில் ஊர் மக்களைக் கூட்டியது. யார் வேண்டுமானாலும் வரலாம். சுமார் 20 வாரம் நடந்த கூட்டங்களில் ஏறக்குறைய 1,700 பேர் பங்கேற்று 40 இலக்குகளை முடிவு செய்தார்கள். இந்த 40ல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கட்டடங்கள் மட்டும் இல்லை. குடும்ப வன்முறையில் இருந்து தப்பி வரும் பெண்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்பதும் அந்தக் கூட்டங்களில் எழுந்த கோரிக்கைதான்.

ஊர் பின்னால் எப்படி மாறியது என்பது நகரத் திட்டமிடலில் அடிக்கடி சொல்லப்படும் கதை. ஆற்றங்கரைச் சீரமைப்பின் பகுதியாக 1992ல் நீர்வாழ் உயிரினக் காட்சியகம் திறந்தது. 1978ல் மூடப்பட்டு, இடிக்கலாம் என்று பேசப்பட்ட பழைய வால்நட் தெருப் பாலம் 1993ல் நடப்பவர்களுக்கான பாலமாகத் திரும்பி வந்தது. ஆனால் என்னைக் கவர்வது அதே 1993ல் நடந்த வேறொரு வேலை. இலக்குகளில் பெரும்பாலானவை முழுதாகவோ பாதியாகவோ நிறைவேறிய நிலையில், ‘ரிவிஷன் 2000’ என்று மறுபடியும் மக்களைக் கூப்பிட்டார்கள். இந்த முறை வந்தவர்கள் 2,600 பேருக்கு மேல்.

முதல் முறையைவிட இரண்டாம் முறை அதிகம் பேர் வருவது அரிது. பொதுவாகச் சலிப்புதான் மிஞ்சும். ஒன்பது ஆண்டுகளில் கண்முன்னே நடந்து முடிந்த வேலைகள்தான் இங்கே அழைப்பிதழ் ஆகின என்பது என் ஊகம். இன்னொரு காரணமும் சொல்லலாம். கூட்டங்களை நடத்திய அமைப்பு நகர நிர்வாகத்துக்கு வெளியே இருந்தது. அதனால் “நாங்கள் செய்த சாதனை” என்று யாரும் மேடையில் முழங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த அமைப்புக்குப் பணம் தந்தது ஒரு தனியார் அறக்கட்டளை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்படி ஒரு கொடையாளர் இல்லாத நகரம் இந்த முறையை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

எதை அளப்பது?

கணக்கு ஒப்பிப்பது என்றால் முதலில் அளவுகோல் வேண்டும். ‘பசுமையான, துடிப்பான, எல்லோரையும் அரவணைக்கும் நகரம்’ என்று எழுதி வைத்தால் பத்து ஆண்டு கழித்து யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அப்படி எழுதுவதில் அதிகாரிகளுக்கு ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1985 முதல் ஒரு குடிமக்கள் அமைப்பு வாழ்க்கைத் தரக் குறியீடுகளை ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது. சியாட்டிலில் தன்னார்வலர்கள் சேர்ந்து 1993ல் வெளியிட்ட குறியீட்டுப் பட்டியலில் ஒன்று ரொம்பப் பிரபலம்: முட்டையிடுவதற்காகக் கடலில் இருந்து உள்ளூர் ஓடைகளுக்குத் திரும்பும் காட்டுச் சால்மன் மீன்களின் எண்ணிக்கை. நகரத் திட்டத்தில் மீனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். சால்மன் திரும்பி வர வேண்டுமானால் ஓடையில் நீர் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கரையோரம் மரம் நிற்க வேண்டும். மேட்டு நிலத்தைக் கான்கிரீட் போட்டு மூடியிருக்கக் கூடாது, சாலை எண்ணெய் மழைநீரோடு வந்து கலக்கக் கூடாது. இத்தனை துறைகளின் வேலையும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்த ஊர்க்காரர் யாருக்கும் அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. ‘உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை’ குறைந்தது என்றால் கொட்டாவி விடுகிறவர், மீன் வரவில்லை என்றால் நிமிர்ந்து உட்கார்வார். இது நிபுணர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் வந்திருக்காத குறியீடு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஐஎஸ்ஓ 37120 இருக்கிறது. நகரச் சேவைகளையும் வாழ்க்கைத் தரத்தையும் அளக்க 2014ல் வந்து 2018ல் திருத்தப்பட்ட சர்வதேசத் தரநிலை அது. ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தோடு ஒப்பிட அது பயன்படும். மக்கள் தங்கள் தெருவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. நியூசிலாந்து நகரங்கள் சில சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாழ்க்கைத் தரக் கருத்தாய்வு நடத்துகின்றன. வீட்டுச் செலவு கட்டுப்படியாகிறதா, இருட்டிய பிறகு நகர மையத்தில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா, மன அழுத்தம் எப்படி என்றெல்லாம் அதில் கேட்பார்கள். இரண்டு வகைக் கணக்கும் வேண்டும். காவல்துறைப் பதிவில் குற்றம் குறைந்து, கருத்தாய்வில் பயம் கூடியிருந்தால், அந்த இடைவெளியே விசாரிக்க வேண்டிய விஷயம்.

எதை அளப்பது என்பதில் அரசியலும் உண்டு. சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல், பண்பாட்டு நல்வாழ்வு ஆகிய நான்கையும் மேம்படுத்துவது உள்ளாட்சியின் நோக்கம் என்று 2002ல் நியூசிலாந்துச் சட்டம் சொன்னது. 2012ல் வேறு ஆட்சி, அந்த வாசகத்தை நீக்கியது. 2019ல் மறுபடி ஆட்சி மாறியிருந்தது, நான்கும் திரும்பி வந்தன. “குப்பை அள்ளுங்கள், குழாயைச் சரிசெய்யுங்கள், நல்வாழ்வெல்லாம் உங்கள் வேலையில்லை” என்று ஒரு தரப்பும், “குழாயே நல்வாழ்வுக்காகத்தானே” என்று மறு தரப்பும் இழுத்த கயிறு அது. மக்களிடம் கேட்கிறோம் என்று சொல்லும்போது, எதைப் பற்றிக் கேட்கலாம் என்ற எல்லையை மேலே யாரோ ஏற்கெனவே போட்டிருப்பார்கள்.

கூட்டத்துக்கு வருவது யார்?

திட்டமிடல் கூட்டங்களுக்கு யார் வந்து பேசுகிறார்கள் என்று பாஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிவியலாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பேசியவர்கள் ஊர்மக்களின் சராசரியைவிட வயது கூடியவர்கள், ஆண்கள் அதிகம், நெடுங்காலமாக அங்கேயே இருப்பவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். புதிய வீடுகள் கட்டுவதை ஆதரித்துப் பேசியவர்களைவிட எதிர்த்துப் பேசியவர்கள் பல மடங்கு அதிகம். சரி, கூட்டத்தை ஆன்லைனுக்குக் கொண்டுபோனால் எல்லோரும் வருவார்களே என்று தோன்றும். பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோது அதே குழுவினர் மறுபடி பார்த்தார்கள். படம் பெரிதாக மாறவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இழக்க ஏதாவது இருப்பவர் வருகிறார். இன்னும் கட்டப்படாத வீட்டில் குடியேறப் போகிறவர் யார் என்று அவருக்கே தெரியாது, அவர் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்? ஷிப்ட் வேலைக்காரர், வாடகைக்கு இருப்பவர், கைக்குழந்தைக்காரர், அந்த ஊர் மொழி சரளமாக வராதவர் என்று விடுபடுகிறவர்களின் வரிசை நீளும். ஆக, “3,000 பேர் கருத்துச் சொன்னார்கள்” என்று அட்டையில் போடும் எண்ணுக்குத் தனியாகப் பெரிய மதிப்பில்லை. அந்த 3,000 பேரின் வயதும் குடியிருக்கும் பகுதியும் வீட்டு நிலையும் நகரத்தின் மொத்தப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அட்டவணை பக்கத்திலேயே இருந்தால்தான் மதிப்பு.

சரிசெய்யச் சில வழிகள் உண்டு. ஒன்று, மக்களில் இருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. மெல்பர்ன் நகர மன்றம் 2014ல் இப்படித் தேர்ந்தெடுத்த 43 பேரிடம் தன் 10 ஆண்டு நிதித் திட்டத்தையே கொடுத்தது. நகரத்தின் வரவுசெலவுக் கணக்கு அவர்களுக்குத் திறந்து காட்டப்பட்டது, அதிகாரிகளையும் நிபுணர்களையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். பல வார உழைப்புக்குப் பிறகு வந்த பரிந்துரைகளில் சொத்து வரியைக் கூட்டலாம் என்பதும் இருந்தது. மூன்று நிமிட மைக் நேரத்தில் எந்தக் குடிமகனும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். கணக்கைப் பார்த்த பிறகு சொன்னார்கள். மன்றம் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்றது. அதே நகரம் 2008ல் தன் தொலைநோக்குத் திட்டத்தின் வரைவை விக்கி வடிவில் வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டிருந்தது. 2016ல் அதைப் புதுப்பித்தபோதும் குடிமக்கள் குழு ஒன்றை உட்காரவைத்தது.

இன்னொரு வழி எடை போடுவது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989ல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டில், அதாவது நகரப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே கூடிப் பேசும் முறையில், பகுதிவாரியாகக் கூட்டம் நடந்தது. பணம் பிரிக்கும்போது தலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. சாக்கடை, தார்ச்சாலை போன்ற வசதி எந்தப் பகுதியில் குறைவோ அதற்குக் கூடுதல் புள்ளி. மக்கள் தொகைக்கும் அந்தப் பகுதி மக்கள் எதை முதலில் கேட்டார்கள் என்பதற்கும் தனித்தனிப் புள்ளி. சத்தமாகப் பேசும் பகுதி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதை இந்தச் சூத்திரம் தடுத்தது. ஏழைப் பகுதி மக்கள் வேலை நேரத்தை இழந்தும் கூட்டத்துக்கு வந்ததற்கு, வந்தால் பணம் கிடைக்கும் என்று தெரிந்ததே காரணம்.

எப்போது கேட்பது, எவ்வளவு திறந்து கேட்பது

அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969ல் எழுதிய ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் ‘சூழ்ச்சி’, உச்சியில் ‘குடிமக்கள் கட்டுப்பாடு’. நடுவில் இருக்கும் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது ஆகியவற்றை அவர் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். இன்றைக்கும் பெரும்பாலான நகரங்கள் நிற்பது அந்த நடுப்படிகளில்தான்.

அந்த நடுப்படியிலாவது நேர்மையாக நிற்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஒரு தெளிவான பதில் வைத்திருக்கின்றன. லண்டனில் பிரென்ட் பகுதி நிர்வாகத்துக்கு எதிராக 1985ல் தீர்ப்பான வழக்கில் நான்கு விதிகள் உருவாயின. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லத் தேவையான காரணங்களைத் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த கருத்தை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014ல் ஹாரிங்கே பகுதி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது. அங்கே பிரச்சினை என்னவென்றால், ஏழைகளுக்கான உள்ளாட்சி வரிச் சலுகையைக் குறைக்கும் யோசனையை மக்கள் முன் வைத்த நிர்வாகம், வேறு வழியே இல்லை என்ற தோற்றத்தில் வைத்தது. வரியைச் சற்றுக் கூட்டுவது, வேறு சேவைகளில் வெட்டுவது, சேமிப்பில் கை வைப்பது போன்ற மாற்று வழிகள் இருந்தன. நிர்வாகம் அவற்றை யோசித்து ஒதுக்கியிருந்தது, ஆனால் அதை மக்களிடம் சொல்லவில்லை. இது முறையான கலந்தாலோசனை ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கடைசி விஷயம் திட்டப் புதுப்பிப்புக்கு அப்படியே பொருந்தும். “பூங்கா வேண்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யார்? பூங்காவா, பேருந்துத் தடமா, அல்லது இரண்டும் வேண்டி வரி உயர்வா என்று கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் வருகிறது. நியூசிலாந்து 2014ல் சட்டத்தைத் திருத்தி, நூற்றுக்கணக்கான பக்க வரைவை மக்கள் தலையில் போடுவதற்குப் பதிலாகச் சுருக்கமான ஆலோசனை ஆவணம் ஒன்றை வெளியிடச் சொன்னது. பெரிய முடிவுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன வழி, எந்த வழியை எடுத்தால் வரியும் கடனும் எவ்வளவு மாறும் என்று அதில் இருக்க வேண்டும். சாதாரண ஆள் உட்கார்ந்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

எதெல்லாம் மாற்ற முடியாதது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒப்பந்தம் கையெழுத்தான சாலை, மேலரசு கட்டாயப்படுத்தும் வீட்டு எண்ணிக்கை போன்றவற்றில் நகரத்தின் கை கட்டப்பட்டிருக்கும். அதைச் சொன்னால் கூட்டத்தில் கோபம் வரும் என்று அதிகாரிகள் தயங்குவார்கள். வரத்தான் செய்யும். ஆனால் மூன்று மாதம் பேசவிட்டுக் கடைசியில் சொன்னால் வரும் கோபம் அடுத்த புதுப்பிப்பு வரைக்கும் ஆறாது.

கேட்ட பிறகு பதில் சொல்லும் விஷயத்தில் மக்கள் கருத்துச் சொல்வதற்கான பார்சிலோனாவின் ‘டெசிடிம்’ இணையதளம் நல்ல முன்மாதிரி. 2016 முதல் 2019 வரைக்குமான நகரச் செயல்திட்டத்துக்காக மக்களிடம் இருந்து 10,000க்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் அதில் வந்தன. ஒவ்வொன்றும் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, நிராகரித்தால் என்ன காரணம் என்று அந்தத் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டதால் ஹெல்சிங்கி உள்ளிட்ட வேறு நகரங்களும் அதை எடுத்துக்கொண்டன. முன்மொழிந்தவருக்கு “முடியாது, ஏனென்றால்...” என்று ஒரு வரி கிடைப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த ஒரு வரியை எழுத ஒரு அதிகாரி அந்த முன்மொழிவை முழுதாகப் படித்திருக்க வேண்டுமே.

இன்னும் வராதவர்கள்

2050ஐப் பற்றிய திட்டத்தை இன்றைக்கு இருப்பவர்கள் எழுதுகிறார்கள். அன்றைக்கு அதில் வாழப் போகிறவர்களில் ஒரு பகுதி இன்னும் பிறக்கவே இல்லை. வேல்ஸ் இதற்காகவே ஒரு ஆணையரை நியமித்திருக்கிறது. ஜப்பானின் இவாட்டே மாகாணத்தில் உள்ள யஹாபா என்ற சிறு நகரம் 2015ல் வேறு மாதிரி முயன்றது. நீண்டகாலத் திட்டத்துக்காகக் கூடிய மக்களில் ஒரு பகுதியினர் இன்றைய குடிமக்களாகவே பேசினார்கள். மற்றவர்கள் 2060ல் வாழ்பவர்களாகத் தங்களைக் கற்பனை செய்துகொண்டு, அந்த இடத்தில் இருந்து இன்றைய நகரத்துக்கு யோசனை சொல்ல வேண்டும். கேட்கச் சற்று நாடகத்தனமாக இருக்கிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் இரண்டு தரப்பின் பேச்சும் உண்மையிலேயே வேறுபட்டது. இன்றைய குழு கையில் இருக்கும் குறைகளில் இருந்து தொடங்கியது. 2060 குழு ஊரின் நீண்டகால வளங்களில் இருந்து தொடங்கி, இப்போதே செலவு பிடிக்கும் யோசனைகளுக்கும் முன்னுரிமை கொடுத்தது.

எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கருத்துகள் ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும். அமைதியான தெரு வேண்டும் என்பவரும் வீட்டு வாடகை குறைய வேண்டும் என்பவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். அந்த மோதலைத் தீர்க்க வேண்டியது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான். ‘மக்கள் சொன்னார்கள்’ என்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் மன்றத்தைப் பார்த்தால், மக்கள் எதைச் சொன்னார்கள், மன்றம் எதைத் தேர்ந்தெடுத்தது, என்ன காரணத்துக்காக என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம்.

புதுப்பித்த வரைவு கைக்கு வரும்போது நான் முதலில் புரட்டுவது பணப் பக்கத்தைத்தான். இலக்குக்கு எதிரே எந்தத் துறை, எந்த ஆண்டு, எவ்வளவு பணம் என்று இல்லாவிட்டால் முன்பக்கத்துப் படங்களைப் பார்க்க நேரம் செலவழிப்பதில்லை. நியூசிலாந்தில் இந்த வேலையையும் படிப்பவர் தலையில் விடவில்லை. நீண்டகாலத் திட்டத்தையும் அதற்கான ஆலோசனை ஆவணத்தையும் தணிக்கைத் தலைவர் சார்பில் தணிக்கையாளர் ஒருவர் பார்க்கிறார். குழாய்கள் எத்தனை ஆண்டு தாங்கும், மக்கள் தொகை எவ்வளவு கூடும், செலவு எப்படி ஏறும் என்று நகரம் வைத்திருக்கும் அனுமானங்கள் நியாயமானவையா என்று சொல்வது அவர் வேலை. அந்த அறிக்கையைக் கருத்துக் கேட்கும் ஆவணத்துக்குள்ளேயே அச்சிட்டுத்தான் மக்கள் கையில் கொடுக்க வேண்டும்.